டிடெக்டர் முன்னால் ஒன்றும் இல்லாதபோது



ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து என் வீட்டுக்கு வந்தவர்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். டிடெக்டர் முன்னால் எதையும் வைக்கவில்லை, இருந்தும் எண்ணிக்கை ஏறுகிறது; நேற்று இல்லாத ஒரு முகடு இன்று நிற்கிறது; கருவி கெட்டுப்போனதா, இல்லை வேறு ஏதாவதா? அந்த "வேறு ஏதாவதா" வரும்போது குரல் தாழ்ந்துபோகிறது. கூடங்குளம் அணுஉலைக்கு இவ்வளவு பக்கத்தில், நாகர்கோவிலில் குடியிருப்பவனுக்கு அந்தத் தாழ்ந்த குரலின் பொருள் தெரியாமல் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், மாடி அறையில் இரண்டு அங்குல சோடியம் அயோடைடு படிகத்தையும் ஒரு சவுண்ட் கார்டையும் வைத்துக்கொண்டு பல வருஷமாகக் காமா கதிர் நிறமாலைகளையே பார்த்துவருகிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

1. உங்கள் முதல் மாதிரி உங்கள் அறைதான். கருவி வந்த அன்றே கல்லையும் பழைய கடிகாரத்தையும் தேடி அலையாதீர்கள். ஒன்றும் வைக்காமல் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். வந்த நிறமாலையை அச்செடுத்து ஒவ்வொரு முகட்டின் தலையிலும் பேனாவால் பெயர் எழுதுங்கள். 1461 கே.இ.வி.யில் பொட்டாசியம்-40. தோரியம் குடும்பத்திலிருந்து 239-இல் ஈயம்-212, 583-இலும் 2614-இலும் தாலியம்-208, 911-இல் ஆக்டினியம்-228. யுரேனியம் குடும்பத்திலிருந்து 295, 352 இரண்டிலும் ஈயம்-214. 609, 1120, 1764 மூன்றிலும் பிஸ்மத்-214. இவ்வளவுதான். இந்தப் பத்துப் பன்னிரண்டு எண்களும் சொந்தக்காரர் பெயர்போல வாயில் வர வேண்டும். வராதவரை "புது முகடு" என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் இல்லை.

நம் பக்கத்து வீடுகளில் தோரியக் கோடுகள் கொஞ்சம் ஓங்கியே நிற்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் கிடக்கும் மண் இது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து கப்பலேறிய தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் அதைக் கண்டுகொண்டார். அன்றைக்கு அதன் தோரியம் கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டியிருந்தது. அதற்காக அந்த மணலை ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். அணுசக்திச் சட்டத்தின்படி மோனசைட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்.

2. ஒரு நோட்டு வையுங்கள். தேதி, நேரம், அறை வெப்பம், மழை உண்டா, ஜன்னல் திறந்திருந்ததா, மின்சாரம் எதிலிருந்து, அறையில் யார் இருந்தார்கள். எதையாவது மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

3. ஏதோ வித்தியாசம் தெரிகிறது என்றால் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. மொத்தமும் ஏறியிருக்கிறதா? ஒரு சில முகடுகள் மட்டும் ஏறியிருக்கின்றனவா? அல்லது எதுவும் ஏறாமல், எல்லா முகடும் வலப்பக்கமோ இடப்பக்கமோ நகர்ந்திருக்கின்றனவா? நகர்வு என்றால் குற்றம் கருவியில். சில முகடுகள் மட்டும் என்றால் காரணம் வெளியே இருக்கிறது, அதன் பெயர் அந்த முகடுகளிலேயே எழுதியிருக்கிறது. இடது ஓரம் மட்டும் சுவர்போல எழும்பியிருந்தால் அது பெரும்பாலும் மின் இரைச்சல், அல்லது வெளிச்சக் கசிவு. பழைய நிறமாலையையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலானோர் அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிப்பதில்லை. நேராகக் கருவியைக் கழற்றுகிறார்கள்.

4. சின்ன எண்ணிக்கையை நம்பாதீர்கள். பத்து நிமிஷத்தில் ஒரு முகட்டின் இடத்தில் நேற்று 80 எண்ணிக்கை, இன்று 100 என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு கூடிவிட்டதே என்று மனம் துள்ளும். 80-ஐயும் 100-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 13-க்கு மேல் வரும். வித்தியாசம் 20, அதன் தடுமாற்றம் 13. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதையே பத்து மணி நேரம் ஓட்டி 4800-ம் 6000-ம் வந்தால் வித்தியாசம் 1200, தடுமாற்றம் 104. இப்போது தாராளமாகச் சொல்லலாம், ஏதோ நடந்திருக்கிறது என்று. தடுமாற்றத்தைப்போல மூன்று மடங்குக்குக் கீழே உள்ள எதையும் நான் நோட்டில் குறிப்பேன், வாயால் சொல்லமாட்டேன்.

5. முகடு நகர்வதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நான் தவறியது இங்கேதான்.

ஒரு மே மாதம் மத்தியானம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதிக்கும் நேரத்தில், ஆற்றல் அளவைச் சரிபார்த்து வைத்தேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியது. அறை குளிர்ந்துவிட்டது. ஒருநாள் மழைக்கு நடுவே திரையைப் பார்த்தால் 652 பக்கத்தில் தெளிவான முகடு. என் படிகத்தில் அந்த இடத்தில் ஒரு முகட்டின் அகலமே 45 கே.இ.வி.க்கு மேல் இருக்கும். ஆகவே 652-ஐயும் 662-ஐயும் கண்ணால் பிரிக்க முடியாது. 662 என்றால் சீசியம்-137. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இரண்டு நண்பர்களிடம் சொல்லியும்விட்டேன். அவர்கள் வீட்டிலும் அன்று தூக்கம் கெட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

விடியற்காலை மூன்று மணிக்குத்தான் வலப்பக்கம் பார்க்கத் தோன்றியது. 1461-இல் இருக்க வேண்டிய பொட்டாசியம் 1563-இல் இருந்தது. 352 முகடு 377-இல். எல்லாமே ஏழு சதவீதம் நகர்ந்திருந்தன. படிகம் சூடானால் ஒளி குறையும், குளிர்ந்தால் கூடும். போட்டோமல்டிபிளையர் குழாயின் பெருக்கமும் வெப்பத்தோடும் வோல்டேஜோடும் மாறும். உயர் வோல்டேஜ் ஒரு சதவீதம் மாறினால் பெருக்கம் ஏழு சதவீதம்வரை மாறக்கூடும். நான் சீசியம் என்று நினைத்தது, மழை கொண்டுவந்த பிஸ்மத்தின் 609.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பொட்டாசிய முகடு நிற்கும் இடத்தை, சந்தேகப்படும் முகட்டின் இடத்தால் வகுங்கள். 2.40 வந்தால் பிஸ்மத். 2.21 வந்தால் சீசியம். பூஜ்யப் புள்ளி சரியாக இருக்கும்வரை, முகடுகள் எவ்வளவு நகர்ந்தாலும் இந்த விகிதம் நகராது. அதோடு, கருவியைப் போட்டு ஒரு மணி நேரமாவது சூடேறவிட்டு அளக்கத் தொடங்குங்கள். டிடெக்டரைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெயிலுக்குத் திடீரென்று கொண்டுபோகாதீர்கள். சோடியம் அயோடைடு வெப்ப அதிர்ச்சியில் விரிசல் விடும். மூடி கசிந்தால் நம் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து மஞ்சளாகும். நன்றாக இருந்த முகடுகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டே போனால், அந்த ஈரக் கசிவைச் சந்தேகப்படுங்கள்.

6. மழை. மண்ணிலிருந்து எழும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-214 ஆகவும் பிஸ்மத்-214 ஆகவும் மாறும். அவை தூசியில் ஒட்டிக்கொண்டு மிதக்கும். மழை அவற்றைக் கழுவித் தரையில் கொண்டுவந்து போடும். மழை பிடித்த கொஞ்ச நேரத்தில் 352-ம் 609-ம் ஏறும். பொட்டாசியத்தின் 1461 அசையாது. அது அசையாததுதான் உங்கள் சாட்சி. ஈயம்-214-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 27 நிமிஷம், பிஸ்மத்-214-க்கு 20 நிமிஷம். ஆகவே மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் பின்னணி பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கையால் செய்து பாருங்கள். மழை நின்றதும் வாசலில் நனைந்து நிற்கும் காரின் பானெட்டை ஒரு டிஷ்யூ தாளால் அழுந்தத் துடையுங்கள். தாளை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிடெக்டர் முகத்தில் வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டே வந்தால், சுமார் அரை மணிக்கு ஒருமுறை பாதியாவதைக் காண்பீர்கள். வானத்திலிருந்து வந்த ஒன்று உங்கள் மேஜைமேல் உங்கள் கண்முன்னே இல்லாமல் போகிறது. எத்தனை முறை செய்தும் எனக்கு இது அலுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் முதலில் இதைத்தான் காட்டுகிறேன்.

மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் இதே முகடுகள் கொஞ்சம் உயரலாம். காற்று அசையாத இரவில் ரேடான் தரையோடு தங்கிவிடும்; பூட்டிய அறையிலும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

7. மின்சாரம். கரண்ட் போய் இன்வர்ட்டர் ஓடும்போது மட்டும் இடது ஓரம் பொங்குகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, கீழ்வீட்டு மிக்ஸி, டிடெக்டர்மேல் வைத்துவிட்டுப்போன செல்போன் எல்லாமே இதைச் செய்யும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் உயர் வோல்டேஜை அணைத்துவிட்டுப் பாருங்கள். குழாய்க்கு உயிர் இல்லாதபோதும் துடிப்பு வருகிறதென்றால், அது கம்பியிலிருந்தோ சர்க்யூட்டிலிருந்தோ வருவது. வோல்டேஜை அணைத்தவுடன் உள்ளே கை வைத்துவிடாதீர்கள். ஆயிரம் வோல்ட் பக்கம் ஏறிய கெப்பாசிட்டர் உடனே இறங்காது.

8. வெளிச்சம். சொந்தமாக உறை கட்டியவர்களுக்கு மட்டும் இது. டியூப்லைட்டை அணைத்தால் எண்ணிக்கை குறைகிறதா? குறைந்தால் உடனே வோல்டேஜை நிறுத்திவிட்டுக் கறுப்பு டேப்பை உரித்து முதலிலிருந்து சுற்றுங்கள். வெளிச்சம் பட்ட குழாயையும் படிகத்தையும் ஒரு ராத்திரி இருட்டில் வைத்திருந்து மறுநாள் அளக்க வேண்டும். அதற்குள் வரும் எண்ணிக்கை நம்பத்தக்கதில்லை.

9. மனிதர்கள். எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் ஒருநாள் சாயங்காலம் மாடியேறி வந்தார். என் கருவியின் ஸ்பீக்கரில் எப்போதும் தூறல்போல ஒரு சத்தம் இருக்கும். அவர் வாசலைத் தாண்டியதும் அது ஓட்டுக்கூரைமேல் கொட்டும் மழையாகிவிட்டது. டீ எடுத்துவரக் கீழே போனார், தூறல். திரும்ப வந்தார், கொட்டும் மழை. திரையில் 140-இல் ஒரு கம்பம் நின்றது. 280-இல் சின்னதாக ஒரு மேடு. துடிப்புகள் இரண்டிரண்டாக ஒட்டி விழுந்ததால் வந்தது. 140 என்றால் டெக்னீஷியம்-99எம். அரை ஆயுள் ஆறு மணி நேரம். எலும்பு ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுவது.

"காலையில் எங்கே போயிருந்தீர்கள் அண்ணாச்சி?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு என்றார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார். மறுநாள் அதே நேரம் வந்தபோது கம்பம் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

அந்த நிறமாலையை அழித்துவிட்டேன். நோட்டில் பெயர் எழுதவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் முகடுகள் இவை: 140 டெக்னீஷியம், 364 அயோடின்-131, திடீரென்று ஓங்கும் 511 பெரும்பாலும் பெட் ஸ்கேனின் ஃபுளூரின்-18. அயோடின் தைராய்டு சிகிச்சைக்கானது. அரை ஆயுள் எட்டு நாள் என்பதால் அந்த முகடு நாள்கணக்கில் நிற்கலாம். இப்படி ஒன்றைக் கண்டால் அது இன்னொருவரின் உடம்பைப் பற்றிய செய்தி என்று உணர்ந்து நடந்துகொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். அவர் பக்கத்தில் உட்காரத் தயங்கவும் செய்யாதீர்கள். எழுந்து நகர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்.

10. வீட்டுச் சாமான்கள். 1461 மட்டும் ஏறினால் பொட்டாசியத்தைத் தேடுங்கள். பொட்டாஷ் உர மூட்டை, சோடியம் குறைத்த உப்பு, புதிதாக இறக்கிய கிரானைட் பலகை. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு 31 அணுக்கள் போலச் சிதைகின்றன. 50 கிலோ மூட்டை சுவருக்கு அப்பால் இருந்தாலும் உங்கள் படிகத்துக்குத் தெரியும். கிரானைட் என்றால் தோரிய, யுரேனியக் கோடுகளும் கூடவே ஏறும்.

239, 583, 911 மூன்றும் சேர்ந்து ஏறினால் பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில், தோரியம் கலந்த டிக் வெல்டிங் கம்பி, பழைய கேமரா லென்ஸ் என்று தேடுங்கள். மேண்டிலை வைத்து அளவு சரிபார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதை உறையில் போட்டு மூடாமல் டிடெக்டர் பக்கத்தில் வைத்திருந்தால், எடுத்தபிறகும் 239 போகாது. தோரியத்திலிருந்து தோரான் வாயு கிளம்பிச் சுற்றியுள்ள இடத்திலெல்லாம் ஈயம்-212-ஐப் பூசிவிடும். அதன் அரை ஆயுள் 10.6 மணி நேரம். இரண்டு நாள் பொறுங்கள், இருபதில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிடும். அப்போதும் நின்றால் மேண்டிலின் பொடி உதிர்ந்து டிடெக்டரில் ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப்போட்டு, கை கழுவுங்கள். ஊதி மட்டும் தட்டாதீர்கள். அந்தப் பொடி மூச்சில் போகக்கூடாது.

11. ஈயக் கோட்டை. ஈயத்தால் சுற்றி மறைத்தால் பின்னணி நன்றாக இறங்கும். ஆனால் 75 பக்கத்தில் இதுவரை பார்க்காத ஒரு முகடு முளைக்கும். அது ஈயத்தின் சொந்த எக்ஸ்கதிர். உட்புறத்தில் வெள்ளீயத் தகடும் அதற்குள்ளே செப்புத் தகடும் வைத்தால் அடங்கும். கோட்டைக்குள்ளும் பொட்டாசியம் முழுக்கப் போகாது. குழாயின் கண்ணாடியிலேயே அது உண்டு. ஈயத்தை வீட்டில் உருக்காதீர்கள். தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெயின்ட் அடிக்காத ஈயம் வேண்டாம்.

12. எல்லா மேடும் முகடு அல்ல. 1240 பக்கத்துத் திட்டு பொட்டாசியத்தின் காம்ப்டன் விளிம்பு. ஒரு பொருளை வைத்ததும் 200 பக்கத்தில் எழும் அகலமான மேடு, மேஜையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய கதிர். 2103-இல் தெரிவது 2614-இன் தப்பிப்பு முகடு. அட்டவணையைப் பார்த்து இவற்றுக்கெல்லாம் ஐசோடோப்புப் பெயர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புத்திசாலிப் பிள்ளைகள்தான், அவசரம். ஒரு ஐசோடோப்பின் ஒரு கோடு மட்டும் தெரிந்து, அதைவிடப் பலமான இன்னொரு கோடு தெரியவில்லை என்றால் அந்தப் பெயர் தவறு.

13. உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது எது? 1173-ம் 1332-ம் ஜோடியாக, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றால் அது கோபால்ட்-60. 2010-இல் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு வந்துசேர்ந்த கோபால்ட்-60 ஒருவரின் உயிரைக் குடித்தது. ஆகவே பழைய இரும்பின் பக்கத்தில் அந்த ஜோடியைக் கண்டால் பொருளைத் தொடாதீர்கள், விலகுங்கள், மற்றவர்களையும் விலக்குங்கள், போலீசுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் உடனே தெரிவியுங்கள். சீசியத்தின் 662, விகிதக் கணக்கில் தேறி, மழை விட்ட பிறகும் நின்று, கருவியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோனாலும் தொடர்ந்தால் அதுவும் அப்படியே.

ஆனால் மொத்த எண்ணிக்கை ஏறியதை மட்டும் வைத்துக்கொண்டு அணுஉலை என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். உலைக்கு ஆதரவாகவோ எதிராகவோ இதைச் சொல்லவில்லை. கூடங்குளம் கடற்கரையில் பிள்ளை குட்டிகளோடு இருக்கும் குடும்பங்களுக்குக் கேள்வி கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஒருநாள் உண்மையான கோடு ஒன்றை நீங்கள் கண்டு சொன்னால், அன்று அவர்கள் உங்களை நம்ப வேண்டும். ஐப்பசி மழையைக் காட்டி மூன்று முறை பயமுறுத்தியவனை நாலாவது முறை யார் நம்புவார்?

14. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது சந்தேகமான நிறமாலையோடு, அதே நேர அளவு ஓட்டிய வெறும் பின்னணியையும் கொண்டுவாருங்கள். பொட்டாசியம் எந்தச் சேனலில் நின்றது என்று இரண்டிலும் குறித்திருக்க வேண்டும். நோட்டையும் எடுத்துவாருங்கள். மழை பெய்தால் டிஷ்யூ தாளும் பிளாஸ்டிக் உறையும் என்னிடம் இருக்கின்றன. வாசலில் கார் நிற்கும்.